தரை என்னும் உதிரிபாகம்

1,400 கிலோ எடையுள்ள ஒரு காரை 1.2 மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏறத்தாழ 16,500 ஜூல் ஆற்றல் போதும். வீட்டு மின்மீட்டரில் ஓடும் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். அதாவது ஒரே யூனிட் மின்சாரத்தில் இருநூறு கார்களைத் தூக்கிவிடலாம். மோட்டாரிலும் எண்ணெயிலும் பாதி வீணாகிறது என்றாலும் நூறு கார் தேறும். தூக்கும் வேலையை இயற்பியல் எப்போதோ முடித்துக் கொடுத்துவிட்டது. அடைபட்ட திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டிலேயே சொன்னார். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் பீட்டர் லுனாட்டி அந்த விதியைக் கொண்டு கார் தூக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட்டைச் செய்தார். அதை விற்கும் நிறுவனம் 1925-இல் அங்கே பிறந்தது. அந்த முதல் லிஃப்ட்டின் உருளை தரைக்குள் புதைந்திருந்தது. ஆழமாகக் குழி தோண்டி, அதைச் சுற்றிக் கான்கிரீட் போட்டுத்தான் நிறுத்த முடியும் என்பதால் இயந்திரத்தோடு சேர்த்தே அதன் தரையும் உருவானது. பின்னால் வந்த இரட்டைத் தூண் லிஃப்ட் இயந்திரத்தைத் தரைக்கு மேலே கொண்டுவந்தது. இன்று வீட்டு கராஜுக்கென்று விற்கப்படும் நகர்த்தக்கூடிய டூ போஸ்ட் லிஃப்ட் இன்னும் ஒரு படி தள்ளிப் போயிருக்கிறது. அது பெட்டியில் வருகிறது. அது நிற்கப்போகும் தரையை அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, இப்படியொரு இயந்திரத்தை நினைத்தே பார்க்காத யாரோ போட்டு முடித்திருக்கிறார்கள். அந்தத் தரையையும் லிஃப்ட்டின் ஓர் உதிரிபாகமாகவே எண்ண வேண்டும் என்பதும், சோதிக்கப்படாத ஒரே உதிரிபாகம் அதுதான் என்பதும் இந்த அத்தியாயத்தின் வாதம்.

இந்த வாதத்தைப் பொருத்திப் பார்க்க ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து முதல் சான்ட்ரோ 1998-இல் வெளிவந்தது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010-இலும், பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டைம்லர் ஆலை 2012-இலும் திறக்கப்பட்டன. வாகனங்களைச் சோதிப்பதற்கென்றே மத்திய அரசின் திட்டத்தில் உருவான ஆய்வு மையமும் ஒரகடத்தில் இருக்கிறது. ஒரு பாகம் எந்த எஃகால் ஆனது, எந்தத் தொகுப்பில் வந்தது, எவ்வளவு முறுக்கில் இறுக்கப்பட்டது என்று கணக்கு வைப்பது இந்தத் தொழிலின் அன்றாடப் பழக்கம். இக்கால அசெம்ப்ளி லைனில் சக்கர நட்டை முடுக்கும் கருவியே முறுக்கை அளந்து, காரின் எண்ணோடு சேர்த்துப் பதிந்துவிடும். அதே ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள் குடியிருக்கும் மனைப் பிரிவுகளில், வீட்டு முன்புறக் கார் நிறுத்தத்தின் தரைக்கு இப்படி ஒரு வரிப் பதிவுகூட இருக்காது. எத்தனை அங்குலம், என்ன கலவை, அடியில் என்ன நிரப்பினார்கள் என்பது கொத்தனாரின் நினைவோடு போயிருக்கும். கோயம்புத்தூரின் ஏடிஎஸ் எல்ஜி போன்ற நிறுவனங்கள் லிஃப்ட்டைத் தமிழ்நாட்டிலேயே செய்கின்றன. இயந்திரம் நல்லதாகக் கிடைப்பதில் சிக்கல் இல்லை. நல்ல இயந்திரமும் அடையாளம் தெரியாத தரையும் சேரும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

நகர்த்தும் வகை லிஃப்ட் வீட்டுக்கு ஏன் பிடிக்கிறது என்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. பெரிய ஒர்க்‌ஷாப் லிஃப்ட்டில் இரு தூண்களையும் மேலே ஒரு குறுக்குச் சட்டம் இணைக்கும். அதற்குப் பன்னிரண்டு அடிக் கூரை தேவைப்படும். வீட்டுப் போர்ட்டிகோவின் உயரம் பெரும்பாலும் பத்தடி. 1.6 மீட்டர் உயரக் காரை 1.2 மீட்டர் தூக்கினால் 2.8 மீட்டர், பத்தடிக்குள் அடங்கிவிடும். தூண்கள் குட்டையானவை, குறுக்குச் சட்டம் இல்லை, அடியில் சக்கரம் உண்டு. தரைக்குள் பதித்த ஆங்கர்களில் போல்ட்டைத் திருகித் தூணை நிறுத்தி, வேலை முடிந்ததும் போல்ட்டைக் கழற்றிச் சுவரோரம் தள்ளிவிடலாம். பள்ளம் தோண்டி அடியில் இறங்கி வேலை பார்ப்பது நம் ஊர்ப் பழைய வழக்கம். மழைக்காலத்தில் பள்ளத்தில் நீர் ஊறும். காற்றைவிடக் கனமான பெட்ரோல் ஆவி அங்கே போய்த் தேங்கும். அதோடு ஒப்பிட்டால் லிஃப்ட் முன்னேற்றம்தான். ஆனால் குறுக்குச் சட்டமும் இல்லாமல், புதைந்த அடித்தளமும் இல்லாமல் ஒவ்வொரு தூணும் தனித்தனியாக நிற்கும்போது, அது சாயாமல் இருப்பதற்குப் பொறுப்பு முழுவதும் நாலைந்து போல்ட்டுகளுக்கும் அவை இறங்கியிருக்கும் கான்கிரீட்டுக்கும் போகிறது.

காரின் எடை கீழ்நோக்கித்தானே அழுத்துகிறது, அது தூணைத் தரையோடு சேர்த்து அமுக்கித்தானே வைக்கும், போல்ட்டுக்கு என்ன வேலை என்ற கேள்வி முதலில் எழும். எடை தூணின் மேல் இறங்குவதில்லை. தூணிலிருந்து உள்பக்கம் நீளும் கைகளின் நுனியில் இறங்குகிறது. ஓர் எளிய கணக்குப் போடுவோம். 1,400 கிலோ காரில் ஒரு தூணின் பங்கு 700 கிலோ. அது தூணின் மையத்திலிருந்து 60 செ.மீ. உள்ளே இறங்குகிறது என்றும், தூணின் அடிப்பலகை மையத்திலிருந்து இரு பக்கமும் 25 செ.மீ. நீள்கிறது என்றும் கொள்வோம். தூண் சாய்வதானால் பலகையின் உள்விளிம்பைப் பற்றித்தான் சாயும். அந்த விளிம்புக்கு அப்பால் 35 செ.மீ. தள்ளி 700 கிலோ தொங்குகிறது. விளிம்புக்கு இப்பால் 45 செ.மீ. தொலைவில் வெளிப்பக்க போல்ட்டுகள் இருக்கின்றன. கடப்பாரையால் கல்லை நெம்பும் அதே கணக்குதான்: 700-ஐ 35-ஆல் பெருக்கி 45-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 545 கிலோ. வெளிப்பக்கத்தில் இரண்டு போல்ட் என்றால் ஒவ்வொன்றையும் 270 கிலோவுக்கு மேற்பட்ட விசை தரையிலிருந்து மேலே பிடுங்குகிறது. 2,700 கிலோ வரை தூக்கும் என்று எழுதியிருக்கும் லிஃப்ட்டில் அந்த எடையையே ஏற்றினால் இந்தப் பிடுங்குவிசை போல்ட்டுக்கு 525 கிலோவாகும். கார் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதையும் கவனிக்கலாம். தரையிலிருந்து ஒரு சாண் எழும்பியதுமே போல்ட் முழுப் பிடுங்குவிசையையும் சந்தித்துவிடுகிறது.

அடுத்த மறுப்பு இன்னும் இயல்பானது. இதே தரையில் பத்து ஆண்டுகளாகக் கார் நிற்கிறது, ஒரு விரிசல் இல்லை, அப்படியிருக்க இது ஏன் தாங்காது? நிற்கும் கார் தரையை அழுத்துகிறது. டயருக்கும் தரைக்கும் இடையிலான அழுத்தம் ஏறத்தாழ டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தின் அளவுதான். மட்டமான கான்கிரீட்டும் அதைச் சுலபமாகத் தாங்கும். லிஃப்ட் தரையை இழுக்கிறது. கான்கிரீட்டின் இழுவலிமை அதன் அமுக்க வலிமையில் பத்தில் ஒரு பங்கு அளவே. அதனால்தான் இழுவிசை வரும் இடமெல்லாம் நாம் கம்பி போடுகிறோம். கார் நிறுத்தத் தரையில் பெரும்பாலும் கம்பி போடுவதில்லை, போடத் தேவையும் இருந்ததில்லை. பத்து ஆண்டுகள் கார் நின்ற அனுபவம் அமுக்கத்துக்குத்தான் சாட்சி சொல்லும். இழுவையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

நம் ஊரில் இத்தகைய தரை எப்படிப் போடப்படுகிறது என்று பார்த்தால் கவலை கூடும். அடித்தளச் சுவர்களுக்கு இடையில் மண்ணோ கிராவலோ கொட்டி நிரப்பி, தண்ணீர் விட்டு அமுக்கி, மேலே பெரிய ஜல்லியில் 1:4:8 கலவையில் மூன்று, நான்கு அங்குலத்துக்கு பி.சி.சி. எனப்படும் கம்பியில்லாக் கான்கிரீட் போட்டு, அதன்மேல் சிமென்ட் பூச்சோ பார்க்கிங் டைல்ஸோ ஒட்டுவது பரவலான முறை. கான்கிரீட்டின் அமுக்க வலிமையை எண்ணால் குறிக்கும் ஐ.எஸ். 456 தரநிலையின் வகைப்பாட்டில் 1:4:8 என்பது எம்7.5 ரகத்துக்கு நிகர். வீட்டுக் கூரைக்குப் போடும் 1:1.5:3 கலவைதான் எம்20. ஆங்கர் தயாரிப்பாளர்களின் சான்றிதழ்கள் பெரும்பாலும் நம் கணக்கில் எம்25 வரும் ரகத்திலிருந்துதான் தொடங்குகின்றன. அதற்குக் கீழான கான்கிரீட்டில் தங்கள் ஆங்கர் எவ்வளவு தாங்கும் என்று அவர்கள் வாக்குக் கொடுப்பதே இல்லை. அடியில் உள்ள மண்ணின் கதை வேறு. ஸ்ரீபெரும்புதூர் பெயராலேயே புவியியலாளர்கள் குறிக்கும் பாறைப் படிவம் களிப்பாறையும் மணற்பாறையும் கலந்த பழைய படிவு. களி கலந்த மண் வடகிழக்குப் பருவமழையில் ஊறி, சித்திரை வெயிலில் சுருங்கும். நிரப்பிய மண் இறங்கினால் பி.சி.சி.க்கும் மண்ணுக்கும் இடையே வெற்றிடம் விழும். மேலே டைல்ஸ் பளபளவென்று இருக்கும். அடியில் தரை அந்தரத்தில் நிற்கும்.

ஆங்கர் எப்படித் தோற்கிறது என்பதைப் பார்த்தால் தடிமனின் அருமை புரியும். எஃகு போல்ட் அறுந்துபோவது அபூர்வம். ஆங்கரின் அடிமுனையிலிருந்து மேல்நோக்கி விரியும் கூம்பு வடிவில் கான்கிரீட் பெயர்ந்து, போல்ட்டோடு சேர்ந்து வந்துவிடும். அந்தக் கூம்பின் வாய் விட்டம் ஆழத்தைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு: 80 மி.மீ. ஆழம் என்றால் 240 மி.மீ. அந்த வட்டத்துக்குள் தரையின் விளிம்போ, விரிசலோ, பக்கத்து ஆங்கரின் கூம்போ வந்தால் பிடிப்பு அந்த அளவுக்குக் குறையும். பிடிப்பு ஆழத்தின் ஒன்றரையாம் அடுக்கில் மாறுகிறது. ஆழம் பாதியானால் பிடிப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஐரோப்பிய வடிவமைப்பு விதியின் சூத்திரத்தில் போட்டால், விரிசலற்ற எம்20-இல் 80 மி.மீ. ஆழத்தில் தனியாக நிற்கும் ஓர் ஆங்கர் 3 டன்னுக்குச் சற்று மேல் தாங்கும். எம்7.5 ரகத்தில், மெல்லிய விரிசல் ஓடிய இடத்தில், 50 மி.மீ. ஆழத்தில் அதே சூத்திரம் 700 கிலோ அளவில் வந்து நிற்கிறது. அதுவும் அந்த ரகத்துக்கு எழுதப்படாத சூத்திரத்தை இழுத்துப் போட்டுப் பார்த்த கணக்கு. 525 கிலோ பிடுங்குவிசையின் முன் அந்த 700-ஐ வைத்துப் பார்த்தால் பாதுகாப்பு இடைவெளி என்று சொல்ல எதுவும் இல்லை. தரை வளைந்து உடைவதற்கும் இதே நியாயம்தான்: வளைவைத் தாங்கும் திறன் தடிமனின் இருமடியில் வளரும். நான்கு அங்குலத்தை ஆறு அங்குலமாக்கினால் திறன் இரண்டேகால் மடங்கு.

ஒரு துளை போட்டாலே தரை பாதிக் கதையைச் சொல்லிவிடும். ஹேமர் டிரில் டைல்ஸைக் கடந்து உள்ளே போகும்போது முதலில் வெண்சாம்பல் தூள் வரும். நல்ல கான்கிரீட்டானால் கருங்கல் ஜல்லியில் முட்டும் இடமெல்லாம் முனை திணறும், சத்தம் கணீரென்று இருக்கும், தூள் மாவுபோல் மெலிதாக வெளியேறும். மட்டமான பி.சி.சி.யானால் முனை வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும் என்று மேஸ்திரிகள் சொல்வார்கள். தூள் பொரபொரப்பாக வரும், துளையின் வாய் உதிரும். மூன்று அங்குலத்தில் டிரில் சட்டென்று அமுங்கி, தூளின் நிறம் செம்மண்ணாக மாறினால் தரை அங்கேயே முடிந்துவிட்டது என்று பொருள். வளைந்த கம்பி ஒன்றை உள்ளே விட்டு அடிவிளிம்பில் கொக்கியாக மாட்டி இழுத்தால் தடிமனைச் சரியாக அளக்கலாம். வலிமையை அளக்க, தட்டியதும் எகிறும் அளவைக் காட்டும் ஷ்மிட் சுத்தியல் உண்டு. அதைவிட நம்பகமானது தரையிலிருந்து உருளைத் துண்டை வெட்டியெடுத்து ஆய்வகத்தில் நசுக்கிப் பார்ப்பது. லிஃப்ட்டின் விலையோடு ஒப்பிட்டால் இந்தச் சோதனைகளின் செலவு சொற்பம்.

இவ்வளவு ஆபத்தானால், மோசமான தரையில் நிறுத்திய லிஃப்ட்டெல்லாம் முதல் நாளே விழுந்திருக்க வேண்டாமா? விழுவதில்லை என்பது உண்மை. அதற்கான காரணம்தான் இந்த விஷயத்தில் மிகவும் ஏமாற்றுவது. இரு தூண்களும் உள்நோக்கிச் சாயப் பார்க்கின்றன. நடுவில் கார் இருக்கிறது. கைகளின் நுனியில் உள்ள ரப்பர் திண்டுகளுக்கும் காரின் அடிச்சட்டத்துக்கும் இடையிலான உராய்வு இரு தூண்களையும் விலக்கித் தாங்குகிறது. மேலே போட்ட கணக்கில், 1.2 மீட்டர் உயரத்தில் 200 கிலோ கிடைவிசை கிடைத்தாலே போல்ட்டுக்கு வேலை இல்லாமல் போகும். 700 கிலோ எடை அமுக்கும் ரப்பருக்கு அது எட்டாத விசை அல்ல. அதனால் ஆங்கர் தளர்ந்திருந்தாலும் லிஃப்ட் நின்றுகொண்டே இருக்கலாம். துருவேறிய சஸ்பென்ஷன் போல்ட்டை யாராவது நீளக் கம்பி மாட்டி வெட்டி இழுக்கும்போது, எண்ணெய் படிந்த திண்டு ஒரு விரற்கடை நழுவும். கியர்பாக்ஸைக் கழற்றி இறக்கும்போது எடை மையம் பின்னால் தாவும். உராய்வு கைவிடும் அந்த நேரத்தில் சுமை முழுவதும் போல்ட்டுக்குத் திரும்பும். கார் அடியில் ஆள் இருப்பதும் அதே நேரத்தில்தான். பல மாதங்கள் ஒன்றும் ஆகவில்லை என்பதைத் தரையின் நற்சான்றாக எடுத்துக்கொள்ள முடியாதது இதனால்தான்.

தயாரிப்பாளர் தாராளமாகப் பாதுகாப்பு இடைவெளி வைத்திருப்பார் என்ற நம்பிக்கையும் பதில் பெற வேண்டியது. அவர் வைத்த இடைவெளி எஃகுக்கும் எண்ணெய்க் குழாய்க்கும் இயந்திரப் பூட்டுக்கும் உரியது. தரையைப் பொறுத்தவரை இவ்வளவு தடிமன், இவ்வளவு வலிமை இருந்தாக வேண்டும் என்று கையேட்டில் நிபந்தனை எழுதுகிறார். நிபந்தனை நிறைவேறாத இடத்தில் அவருடைய இடைவெளியும் இல்லை. துளையில் பசை ஊற்றிப் பதிக்கும் கெமிக்கல் ஆங்கரைப் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்வோர் உண்டு. விரிந்து பிடிக்கும் ஆங்கரைப்போல் அது துளையின் பக்கங்களை நெருக்குவதில்லை என்பதால் விளிம்பருகே அதற்கு மேன்மை உண்டு. ஆனால் பெயர்ந்து வரும் கூம்பு அதே மட்டமான கான்கிரீட்டால் ஆனதுதான். துளைக்குள் தூளை ஊதிச் சுத்தம் செய்யாமல் விட்டால் பசை தூளில்தான் ஒட்டும். போல்ட்டை அடிக்கடி கழற்றி மாட்டும் நகர்த்து லிஃப்ட்டுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை: காலியாக இருக்கும் நாட்களில் ஆங்கரின் மரைக்குள் மண்ணும் மழைநீரும் இறங்கும். மூடியிட்டு அடைக்காவிட்டால் துருப்பிடித்த மரை, இறுகாமலேயே இறுகியதுபோல் காட்டும்.

ஆனால் போல்ட்டை முடுக்கும் செயலிலேயே ஒரு சோதனை ஒளிந்திருக்கிறது. 19 மி.மீ. போல்ட்டை 115 நியூட்டன்-மீட்டர் முறுக்கில் இறுக்கினால் அதற்குள் ஏறத்தாழ 3 டன் இழுவிசை ஏறும். வேலைக்காலப் பிடுங்குவிசையைவிட அது பல மடங்கு. ஆகவே டார்க் ரெஞ்ச் ‘டக்’கென்று சொல்லும் ஒவ்வொரு முறையும் ஆங்கரும் துளையும் ஒரு தேர்வில் தேறுகின்றன. முறுக்கு ஏறாமல் போல்ட் சுற்றிக்கொண்டே இருந்தாலோ, ஆங்கர் மேலெழும்பினாலோ தேர்வு தோல்வி. அந்தத் துளையை விட்டுவிட வேண்டியதுதான். இத்தேர்வுக்கு ஓர் எல்லை உண்டு: இறுக்கும்போது அடிப்பலகையே சுற்றியுள்ள கான்கிரீட்டை அமுக்கிப் பிடிப்பதால் கூம்பு பெயர்வது சோதிக்கப்படுவதில்லை. தவிர, கான்கிரீட்டில் ஏற்றிய இழுவிசை நாளடைவில் பாதியளவுக்குத் தளரும். நகர்த்து லிஃப்ட்டில் ஒவ்வொரு முறையும் புதிதாக முடுக்குவதால், ரெஞ்ச்சைக் கையில் எடுப்பவருக்கு அது நிறுவும்போது மட்டும் செய்யும் சோதனையாக இல்லாமல் நிரந்தரக் கண்காணிப்பாகவே ஆகிவிடுகிறது. கைக்கணக்கில் சாதாரண ஸ்பானரால் முடுக்குபவருக்கு இந்த நன்மை எதுவும் இல்லை.

தரை தேறவில்லை என்றால் லிஃப்ட் கனவை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. லுனாட்டியின் காலத்து ஒழுங்குக்குத் திரும்பி, இயந்திரத்தோடு தரையையும் செய்யலாம். தூண் நிற்கும் இடம் ஒவ்வொன்றிலும் பழைய தரையை வெட்டியெடுத்து, நான்கடிக்கு நான்கடி, ஓரடி ஆழத்தில் கம்பி வலையோடு எம்25 கான்கிரீட் திண்டு போடுவதாக வைத்துக்கொள்வோம். அதன் எடையே ஒரு டன்னைத் தாண்டும். தூண் நடுவில் நின்றால், கையின் நுனி திண்டின் விளிம்புக்கு நேர் மேலே வரும். ஆகவே திண்டைக் கவிழ்க்கும் நெம்புகோல் நீளமே இல்லாமல் போகிறது. 1,400 கிலோ காருக்கு அடிமண்ணில் வரும் உச்ச அழுத்தம் சதுர மீட்டருக்கு 3 டன்னுக்குள் அடங்கும்; நன்கு இறுகிய சாதாரண மண்ணுக்கு அது பாரமே இல்லை. நாள் தவறாமல் தண்ணீர் கட்டி, 28 நாள் காத்திருந்து, பிறகு துளையிட வேண்டும். அளவையும் கம்பியையும் கட்டுமானப் பொறியாளர் ஒருவர் அந்த இடத்து மண்ணைப் பார்த்து முடிவுசெய்வது முறை. இதற்கு மனமில்லாதவர்களுக்குக் கத்தரி வடிவ லிஃப்ட்டும் நான்கு தூண் லிஃப்ட்டும் இருக்கின்றன. அவற்றில் எடை அடித்தடத்துக்கு உள்ளேயே இறங்குவதால் தரை பெரும்பாலும் அமுக்கத்தை மட்டுமே சந்திக்கிறது. மட்டமான தரையிலும் அமுக்கம் தாங்கும் என்று முன்பே பார்த்தோம்.

ஜாக்கி போட்டு ஸ்டாண்டில் நிறுத்தி அடியில் படுப்பதைவிட மோசமான தரையில் நிற்கும் லிஃப்ட் மேலல்லவா என்ற கடைசி வாதம் மிச்சமிருக்கிறது. ஸ்டாண்டில் நிறுத்திய கார் தரையிலிருந்து ஓரடி, ஒன்றரையடி உயரத்தில் இருக்கிறது. ஸ்டாண்டும் தரையை அமுக்க மட்டுமே செய்கிறது. லிஃப்ட் இரண்டையும் மாற்றிவிடுகிறது: உயரம் மூன்று மடங்காகிறது, தரைக்கு இழுவை வந்து சேர்கிறது. காரும் மாறிக்கொண்டிருக்கிறது. 1998-இன் சான்ட்ரோ ஒரு டன்னுக்கும் குறைவு. அதே ஆலையில் இன்று உருவாகும் கிரெட்டா அதைவிடப் பல நூறு கிலோ கூடுதல். அதன் மின்சார வடிவம் பேட்டரியையும் சேர்த்துச் சுமக்கிறது. வீட்டுத் தரை மட்டும் போட்ட அன்று இருந்த தடிமனிலேயே இருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், கிரேன் போன்ற தூக்குக் கருவிகளை ஆண்டுக்கு ஒரு முறையாவது தகுதியுள்ளவர் ஒருவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று விதித்தது. வீட்டு கராஜுக்கு எந்த ஆய்வாளரும் வரப்போவதில்லை. அந்தப் பொறுப்பு வீட்டுக்காரர் தலையில்தான். ஆகவே லிஃப்ட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் தரையின் தடிமன், வலிமை, அடிமண் ஆகிய மூன்றையும் அளந்து தாளில் எழுதிவிட வேண்டும். அந்தத் தாளைக் கையேட்டின் நிபந்தனையோடு ஒப்பிட்ட பிறகே எந்த லிஃப்ட் என்ற கேள்விக்கு வரலாம். எண் கிடைக்காத தரைக்குப் பிடிப்பு பூஜ்யம் என்று வைத்துக் கணக்குப் போடுவதுதான் நேர்மையான பொறியியல்.